ஊசியில் 7, பட்டியலில் 32: பின்னல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் இருக்கிறேன். 20 வருடத்துக்கு மேலாகக் கையால் ஸ்வெட்டர், தொப்பி, சாக்ஸ், சால்வை என்று பின்னி வருகிறேன். தொழில் இல்லை, ஆசைக்குத்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் ஹாலில் இருக்கும் மூங்கில் கூடையை எட்டிப் பார்த்ததும் கேட்பதும், புதிதாகப் பின்னத் தொடங்கியவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவற்றுக்கு நிதானமாக இங்கே பதில் எழுதுகிறேன். ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையத்தையும் கண்ணி என்றும், ஒரு ஊசியிலிருந்து மறு ஊசிக்கு எல்லாக் கண்ணியும் மாறி முடிவதை ஒரு வரி என்றும் சொல்கிறேன்.

இப்போது எத்தனை வேலை பாதியில் இருக்கிறது?

ஏழு. வீட்டுக்காரருக்குக் கருநீல ஸ்வெட்டர்: உடம்பும் ஒரு கையும் முடிந்துவிட்டது, இரண்டாவது கை முழங்கைக்கு வந்திருக்கிறது. ஒரு ஜோடி சாக்ஸ், அதில் ஒன்று ஆயிற்று. மெல்லிய கம்பளி நூலில் ஒரு லேஸ் சால்வை, இரண்டு வருடமாக. தங்கை மகள் மாசமாக இருக்கிறாள், அவள் குழந்தைக்கு ஒரு போர்வை. தங்கை மகனுக்குச் சடைப் பின்னல் போட்ட தொப்பி. இது எப்போதும் கைப்பையிலேயே இருக்கும். மதுரையில் இருக்கும் நாத்தனாருக்குப் பருத்தி நூலில் கை இல்லாத மேல்சட்டை. ஏழாவது, அம்மா தொடங்கி வைத்துவிட்டுப் போன மஞ்சள் குழந்தை ஸ்வெட்டர். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினால் என்ன?

அப்படியும் பின்னுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒத்துவரவில்லை, காரணம் நேரமல்ல, இடம்தான். லேஸ் சால்வையில் ஒரு வரிக்கு 400 கண்ணிக்கு மேல் இருக்கிறது. எண்ணிக்கை ஒன்று தவறினாலும் பூ நகர்ந்துவிடும். அதைப் பேருந்திலோ, பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதோ எடுக்க முடியாது. மருத்துவமனையில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது சாக்ஸ்தான் சரி, கண் பார்க்காமலே கை ஓடும். போர்வை மடியில் விரிந்து கனக்கும், மார்கழிக் குளிருக்கு சுகம், மே மாதத்தில் முடியாது. ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு வேலை வேண்டியிருக்கிறது.

அதற்காக எத்தனை வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று சொல்ல மாட்டேன். ஊசிதான் எனக்குக் கணக்கு. 4 மி.மீ. வட்ட ஊசி (இரண்டு ஊசி முனைகளை ஒரு கேபிள் இணைத்திருக்கும்) என்னிடம் இரண்டு. இரண்டிலும் வேலை நின்றால், ஒன்று முடியாமல் அந்த அளவில் இன்னொன்றுக்குக் கண்ணி போடுவதில்லை.

தொடங்கியது ஏன் பாதியில் நின்றுவிடுகிறது?

எல்லோரும் சோம்பல் என்கிறார்கள். நான் அதை நம்புவதில்லை. நின்றுபோன எந்த வேலையை எடுத்துப் பார்த்தாலும், அது நின்ற இடத்தில் ஒரு குறிப்பிட்ட காரணம் இருக்கும். நூல் பற்றாமல் போயிருக்கும். அளவில் சந்தேகம் வந்திருக்கும். எங்கோ ஒரு தப்பு கண்ணில் பட்டு, அதைப் பார்க்க மனமில்லாமல் மடித்து வைத்திருப்போம். அல்லது ஒரே மாதிரி 150 வரி போக வேண்டிய இடமாக இருக்கும். கைப் பகுதியில்தான் நிறைய ஸ்வெட்டர்கள் நிற்கும்: உடம்பு முடிந்ததும் வேலையே முடிந்த மாதிரி மனசு நினைத்துக்கொள்ளும், ஆனால் இரண்டு கைகளும் சேர்ந்தால் மொத்தக் கண்ணியில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும்.

அந்தக் கருநீல ஸ்வெட்டரையே சொல்கிறேன். ஒரு அமெரிக்கப் பேட்டர்ன், அதாவது பின்னும் முறையை எழுதிய குறிப்பு, பார்த்துப் பின்னத் தொடங்கியது. அதில் 8 நம்பர் ஊசி என்று போட்டிருந்தது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் போனி பிராண்ட் ஊசிகள் பழைய பிரிட்டிஷ் நம்பரில் வருபவை. நம்பர் ஏற ஏற ஊசி மெல்லிசாகும். அமெரிக்க நம்பர் நேர் எதிர், நம்பர் ஏறினால் ஊசி தடிக்கும். நம் 8 நம்பர் 4 மி.மீ., அவர்களுடைய 8 நம்பர் 5 மி.மீ. நான் கையில் இருந்த 8 நம்பரை எடுத்துப் பின்னினேன். பேட்டர்னில் 10 செ.மீ.க்கு 18 கண்ணி. எனக்கு 22 விழுந்திருக்கிறது. 108 செ.மீ. சுற்றளவுக்கு என்று போட்ட 194 கண்ணி 88 செ.மீ.தான் வந்தது. 40 செ.மீ. உயரம் பின்னிய பிறகு அவர் மேல் வைத்துப் பார்த்தேன், முதுகு அகலத்துக்குக்கூட வரவில்லை. மடித்துப் பெட்டியில் வைத்தது, 11 மாதம் வெளியே வரவில்லை. ஏன் சிறுத்தது என்று உட்கார்ந்து கணக்குப் போட்ட அன்றைக்கே பிரித்து, 5 மி.மீ.யில் மறுபடி தொடங்கிவிட்டேன். அன்றிலிருந்து எந்தப் பேட்டர்னிலும் நம்பரைப் பார்ப்பதில்லை, மி.மீ.யை மட்டும்தான் பார்க்கிறேன்.

இதனால்தான் எல்லோரிடமும் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: ஒரு வேலையை எடுத்து வைக்கும்போது, ஏன் வைக்கிறோம் என்று ஒரு வரி எழுதி அதோடு போட்டு வையுங்கள். 'நூல் அரை உருண்டைதான் இருக்கிறது', 'கழுத்து இறக்கம் கேட்க வேண்டும்', '62ஆவது வரியில் ஒரு கண்ணி குறைகிறது'. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை நான்காக வெட்டி, ஓட்டை போட்டு, நூலில் கோத்து ஊசியில் கட்டுகிறேன். காரணம் தெரிந்தால் அரைமணி நேர வேலை. தெரியாவிட்டால் அது கூடையின் அடியிலேயே கிடக்கும்.

பல மாதம் கழித்து எடுத்தால் எந்த வரியில் நிற்கிறோம் என்று எப்படித் தெரியும்?

பின்னலே சொல்லும், படிக்கத் தெரிந்தால் போதும். நீங்கள் போட்டிருக்கும் டி-சர்ட்டையோ பனியனையோ கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருப்பூரில் மிஷினில் ஓடுவதும் நாம் ஊசியில் போடுவதும் ஒரே கண்ணிதான். வெளிப்பக்கம் சின்னச் சின்ன 'வி' ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும்; உள்பக்கம் மேடு மேடாக இருக்கும். வெளிப்பக்கத்தில் ஒரு 'வி' ஒரு வரி. இரண்டு பக்கமும் நிட் (பின்னும்போது நம்மைப் பார்த்த பக்கம் 'வி' விழும் கண்ணி) மட்டுமே போட்ட பின்னலாக இருந்தால், ஒரு மேடு இரண்டு வரி.

சடைப் பின்னலில் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். சடை குறுக்காகக் கடந்த இடத்தில், பின்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அதில் ஒரு மெல்லிய ஊசியை நுழைத்து விலக்கினால், மேல் நோக்கி ஏணிப்படி மாதிரி இழைகள் தெரியும். அந்தப் படிகளை எண்ணினால், கடைசியாகக் கடந்த பிறகு எத்தனை வரி ஆயிற்று என்று கிடைத்துவிடும்.

வரியின் நடுவில் நிறுத்தியிருந்தால் புதியவர்கள் தவறாமல் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்று தெரியாமல் திருப்பிப் பின்னிவிடுவார்கள், அங்கே ஒரு ஓட்டை விழும். உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் இருக்கும் கண்ணியிலிருந்து தொங்குகிறதோ, அந்த ஊசி வலது கையில். இதை நினைவில் வைத்தால் போதும். முடிந்தவரை வரியை முடித்துவிட்டே எழுந்திருங்கள்.

லேஸ் வேலைக்கு ஒரு காப்பு நூல் போட்டு வைப்பது புத்திசாலித்தனம். ஒரு பூ முடிந்ததும், மெல்லிய பருத்தி நூலை, வேறு நிறத்தில், ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணி வழியாகவும் கோத்து விட்டுவிட வேண்டும். மேலே என்ன தப்பு நடந்தாலும் அதுவரை மட்டும்தான் பிரியும். என் சால்வை இன்னும் உயிரோடு இருப்பது அந்தச் சிவப்பு நூலால்தான்.

ஊசியிலேயே விட்டால் கெட்டுப்போகாதா?

ஊசி இருக்கும் வரியில் ஒரு தடம் விழும், கண்ணி கொஞ்சம் பெரிதாகத் தெரியும். கம்பளியாக இருந்தால் துவைத்ததும் பெரும்பாலும் போய்விடும். ஆறு மாதத்துக்கு மேல் எடுக்கப் போவதில்லை என்றால், கண்ணிகளை ஒரு நூலுக்கு மாற்றிவிட்டு ஊசியை விடுவித்துக்கொள்ளுங்கள். எத்தனை மி.மீ. ஊசி என்று அட்டையில் எழுத மறந்துவிடாதீர்கள்.

எங்கள் ஊரில் பெரிய எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அலமாரிக்குள் பூஞ்சை வாடை வந்துவிடும். வெயில் அடிக்கும் நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து உதறுகிறேன். இன்னொன்று அந்துப்பூச்சி. அதன் புழு கம்பளியையும் பட்டையும் தின்னும், அக்ரிலிக்கைத் தொடாது. சந்தேகமாக இருந்தால் நூலைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தெடுப்பேன்.

பிரித்துவிடுவதா, முடிப்பதா? எப்படி முடிவு செய்வது?

ஒரே கேள்விதான் கேட்டுக்கொள்வேன்: இது முடிந்து கையில் கொடுத்தால், யாருக்காகத் தொடங்கினேனோ அவர் போட்டுக்கொள்வாரா? குழந்தை வளர்ந்துவிட்டால், அளவு தப்பியிருந்தால், நிறம் அவருக்குப் பிடிக்காது என்று பிறகு தெரிந்தால், தயங்காமல் பிரிப்பேன். ஆங்கிலத்தில் பின்னுகிறவர்கள் பிரிப்பதைத் தவளை என்பார்கள். 'ரிப் இட், ரிப் இட்' என்றால் கிழி, பிரி என்று அர்த்தம், சொல்லிப் பார்த்தால் தவளை கத்துவது போல இருக்கும்.

பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, சிட்டமாக எடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, துண்டில் ஒற்றி, நிழலில் தொங்கவிட்டால் கம்பளி நூல் புதிதாகிவிடும். அக்ரிலிக் முழுதாக நேராகாது, ஆனாலும் பின்னலாம். மொஹேர் என்ற ஆட்டு ரோம நூலில் ரோமம் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்ளும். பின்னலை சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் பொறுமையாகப் பிரிக்க வேண்டும். பிரிப்பதில் எதுவும் வீணாவதில்லை. துணியை வெட்டினால் வெட்டியதுதான். பின்னலில் மறுபடி முதல் கண்ணியிலிருந்து போகலாம். இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஒரு சாக்ஸ் முடிந்ததும் இன்னொன்றைப் பின்னவே தோன்றவில்லையே?

உலகம் முழுக்க இந்தத் தொல்லை உண்டு. முதலாவதை அடைத்த அதே நாளில், எழுந்திருக்கும் முன், இரண்டாவதுக்கு 64 கண்ணியும் போட்டு இரண்டு வரி பார்டர் பின்னிவிடுங்கள். இல்லையென்றால் நீள வட்ட ஊசியில் இரண்டையும் சேர்த்தே பின்னலாம்.

இனி பின்ன வேண்டியவை பட்டியலில் 32 என்று தலைப்பில் சொல்கிறீர்களே, அதை எப்படி வைத்திருக்கிறீர்கள்?

இரண்டு இடத்தில். ஒன்று ரேவல்ரி, பின்னுகிறவர்களுக்கான இணையதளம். 2007இல் அமெரிக்காவில் ஒரு தம்பதி தொடங்கியது. பின்ன வேண்டியதை வரிசைப்படுத்தி வைக்கலாம், கையில் இருக்கும் நூலைப் பதிந்து வைக்கலாம், ஒவ்வொரு வேலைக்கும் நடக்கிறது, முடிந்தது, உறக்கத்தில் இருக்கிறது, பிரித்தாயிற்று என்று நிலை குறிக்கலாம். உறக்கம் என்ற சொல் எனக்குப் பிடிக்கும். தூங்குவது எழுந்திருக்கும்.

இன்னொன்று ஒரு கோடு போட்ட நோட்டு. அதுதான் என் உண்மையான பட்டியல். அதில் முதலில் ஆள் பெயர் எழுதுவேன், பிறகு அளவு, அப்புறம்தான் என்ன பின்னுவது என்பது. வீட்டுக்காரரின் மார்புச் சுற்றளவு, தங்கையின் பாத நீளம், பால்காரர் பையனின் தலைச் சுற்றளவு எல்லாம் அதில் இருக்கின்றன. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு எழுதியவை ஒரு வருடத்தில் தாமாக உதிர்ந்துவிடுகின்றன. ஆளுக்காக எழுதியவை உதிர்வதில்லை. பட்டியல் வளர்வதைப் பார்த்து நான் கவலைப்படுவதே இல்லை, எத்தனை பேரை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அது காட்டுகிறது.

குழந்தை பிறக்கிறது என்றால் அது வரிசையில் முன்னால் போய்விடும். அதற்கு என் கை தானாகப் போவது பேபி சர்ப்ரைஸ் ஜாக்கெட். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எலிசபெத் ஸிம்மர்மன் 1968இல் உருவாக்கியது. பின்னி முடிக்கும்போது ஒழுங்கில்லாத ஒரு துண்டாக இருக்கும், எது கை எது கழுத்து என்றே தெரியாது. இரண்டு மடிப்பு மடித்தால் சட்டை. தோளில் மட்டும் இரண்டு தையல். எத்தனை முறை பின்னினாலும் அந்த மடிக்கும் நொடிக்காக வீட்டில் எல்லோரையும் கூப்பிடுகிறேன்.

நூலை முதலிலேயே வாங்கி வைக்க வேண்டுமா? எவ்வளவு?

ஒரு வேலைக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்குங்கள், முடிந்தால் ஒன்று கூடுதலாக. லேபிளில் நிறத்தின் எண்ணோடு சாய லாட் எண்ணும், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதியின் எண்ணும், இருக்கும். கடையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு லாட், ஸ்வெட்டராகிப் பகல் வெளிச்சத்தில் நின்றால் கோடு போட்டாற்போல் பிரியும். வேறு வழியே இல்லையென்றால் இரண்டு லாட்டையும் இரண்டிரண்டு வரியாக மாற்றி மாற்றிப் பின்னுங்கள்.

4 மி.மீ. ஊசிக்கான நூலில் பெரிய ஆள் ஸ்வெட்டருக்கு 1,200 முதல் 1,400 மீட்டர் வரை பிடிக்கும். சாக்ஸ் ஜோடிக்கு மெல்லிய நூல் 100 கிராம், சுமார் 400 மீட்டர். எடையைப் பார்த்து வாங்காதீர்கள், மீட்டரைப் பாருங்கள். பருத்தி கனம், அதே 100 கிராமில் நீளம் குறைவாகத்தான் வரும். நம் கடைகளுக்கு வரும் அக்ரிலிக் உருண்டைகளில் நிறைய லூதியானாவில் தயாராகிறவை. குழந்தைகள் பொருளுக்கு நான் அதைத்தான் எடுக்கிறேன், மிஷினில் போட்டுத் துவைக்கலாம்.

குரோஷாவும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. குரோஷாவில் ஒரு கொக்கி, பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். இங்கே இரண்டு ஊசி, வரியில் உள்ள எல்லாக் கண்ணியும் திறந்தே இருக்கும், ஊசி உருவிக்கொண்டால் அத்தனையும் ஆபத்தில். குரோஷா நம் ஊரில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. 2016 ஜனவரியில் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையைச் சேர்த்து கின்னஸ் சாதனை செய்தார்கள். பாதியில் நிற்கும் வேலை அவர்கள் வீட்டிலும் இருக்கும், நிச்சயம்.

சமவெளியில் இருக்கிறோம். ஸ்வெட்டர் யாருக்கு?

பருத்தியில் பின்னுங்கள். ஒரு விஷயம்: பருத்திக்கு இழுத்தால் திரும்பும் குணம் குறைவு, பார்டர் தளர்ந்துவிடும். பார்டருக்கு மட்டும் ஊசியை இரண்டு அளவு குறைத்துக்கொள்ளுங்கள். நாத்தனாரின் மேல்சட்டை முதல் துவைப்பிலேயே கீழே தொங்கியதால்தான் மறுபடி ஊசிக்கு வந்திருக்கிறது.

விலைக்குப் பின்னித் தருவீர்களா?

இல்லை. பெரிய ஆள் ஸ்வெட்டரில் ஏறக்குறைய 50,000 கண்ணி இருக்கிறது. நிமிடத்துக்கு 25 என்று வைத்தாலும் 33 மணி நேரம், தையலும் நூல் முனைகளைச் செருகுவதும் தனி. அதற்குக் கூலி சொன்னால் கேட்பவருக்குக் கட்டாது, குறைத்துச் சொன்னால் பின்னித்தான் பிழைக்கிறவர்களுக்கு நான் செய்யும் துரோகம். கற்றுக்கொடுக்கச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.

பரிசுக்குப் பின்னுவது நாளுக்குள் முடியவில்லை என்றால்?

குழந்தைக்கு என்றால் ஒரு அளவு பெரிதாகவே தொடங்குங்கள், தாமதமானாலும் பொருந்தும். எங்கள் வீட்டில் பிறப்பதற்கு முன் எதையும் கையில் கொடுப்பதில்லை, பேர் வைக்கும் அன்றுதான். அந்தச் சில வாரம் எனக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. பெரியவர்களுக்கு, முடிந்த ஒரு கையைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீளம் சரியா என்று தெரிந்துவிடும், தனக்காக ஒன்று வளர்கிறது என்று அவருக்கும் தெரியும்.

வேறொருவர் பாதியில் விட்டதை முடிக்கலாமா?

அம்மாவின் மஞ்சள் ஸ்வெட்டரைப் பற்றித்தான் இதைக் கேட்கிறார்கள். என் மகளுக்காக 2004இல் தொடங்கினார். கண் புரை முற்றிக் கண்ணி தெரியாமல் போகவே எடுத்து வைத்துவிட்டார், பிறகு எடுக்கவேயில்லை. அவர் போன பிறகு பீரோவில், 10 நம்பர் சாம்பல் நிற ஊசியோடு, ஒரு துணிப்பையில் கிடைத்தது. பின்பக்கம் முழுதாக, முன்பக்கம் அக்குள் வரை. மூன்று உருண்டை நூல் லேபிளோடு அப்படியே இருந்தது.

முடிக்கலாம். ஆனால் முதலில் அவர் கை எவ்வளவு இறுக்கமாகப் பின்னியிருக்கிறது என்று அளக்க வேண்டும். அம்மாவுக்கு 10 செ.மீ.க்கு 26 கண்ணி. அதே ஊசியில் எனக்கு 23தான் விழுகிறது, என் கை தளர்வு. 12 நம்பர், அதாவது 2.75 மி.மீ.க்கு இறங்கினேன், ஒத்துப்போனது. துண்டு மாதிரிக்குப் பின்னிப் பார்த்து, துவைத்து, காயவைத்து, அளந்த பிறகே அம்மாவின் கண்ணிகளைத் தொட்டேன். அவர் ஊசியிலிருந்து என் ஊசிக்கு முதல் வரியை மாற்றுவதற்கு மட்டும் ஒரு மாலை முழுக்க ஆயிற்று.

நான் தொடங்கிய வரியின் ஓரத்தில், தையலுக்குள் மறைகிற இடத்தில், ஒரு சிவப்பு நூலைக் கட்டியிருக்கிறேன். தடவிப் பார்த்தால் அங்கே விரலுக்கு ஒரு மாற்றம் தெரியும். அம்மாவின் பக்கம் கொஞ்சம் இறுக்கம். பார்டரின் நான்காவது வரியில் பர்ல் (நிட்டுக்கு எதிர், மேடாகத் தெரியும் கண்ணி) வர வேண்டிய இடத்தில் ஒரு நிட் விழுந்திருக்கிறது. அதை நான் சரிசெய்யவில்லை. இப்போது இது அண்ணன் பேத்திக்கு, அவளுக்கு வரும் தை மாதம் ஒரு வயது. வலது கை முடிந்தது, இடது கை தோளிலிருந்து 9 செ.மீ. இறங்கியிருக்கிறது, நூல் ஒன்றரை உருண்டை மீதி.